மேல்மாடி அக்கா லோசான் பார்த்த நாள்

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இப்போது ஒரு போர்த்துக்கேயக் குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். படிகளில் கண்டால் சிரிப்பார்கள், வணக்கம் சொல்வார்கள், போய்விடுவார்கள். ஒன்றும் கேட்பதில்லை. அவர்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அவர் மேல்மாடி அக்கா. அவரைப் போலக் கேள்வி கேட்ட ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நான் கலியாணம் செய்து இந்த ஊருக்கு வந்த புதிதில், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு படியேறும்போது அவர் உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தார். வழி விடவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நீதானோ புதுசா வந்தது? எந்த ஊர்? பேசிச் செய்ததோ, விரும்பிச் செய்ததோ? அவர் உன்னோட இருந்து கதைப்பாரோ, இல்லாட்டி வேலையால வந்த கையோட டிவிக்கு முன்னால படுத்திடுவாரோ?"

என் கணவர் இரண்டாவது வகை. அது எப்படி இவருக்குத் தெரிந்தது என்ற கோபத்தில், "எல்லாம் நல்லம் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி ஏறினேன்.

"என்ன நல்லம்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அன்று மாலை கணவரிடம் முறையிட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ எல்லாரையும் அப்பிடித்தான். கோவிச்சுக்கொள்ளாத" என்றார்.

அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே கணவர் நோயில் போய்விட்டார். அக்காவின் ஜெர்மன் வேலையிடத்தில் பொறுக்கிய ஜெர்மன். வினைச்சொல் ஒன்றும் ஒழுங்காக வராது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் அந்த ஊரில் பிறந்தவர்களைப் போலச் சொல்வார். 'வாரூம்'. ஏன் என்று அர்த்தம். நான் வந்த புதிதில் அது தெரியாது. அக்கா வாசலில் நின்று தபால்காரரிடமும், கட்டடக் காவலரிடமும், குப்பை எடுக்க வந்தவரிடமும் "வாரூம்? வாரூம்?" என்று சொல்வதைக் கேட்டு, இந்த மனுஷி ஏன் போகிற வருகிற வெள்ளைக்காரரை எல்லாம் வீட்டுக்குள் வாரும் வாரும் என்று அழைக்கிறார் என்று யோசித்திருக்கிறேன்.

கீழ்த்தளத்தில் ஒரு நாயோடு தனியே ஒரு சுவிஸ் கிழவர் இருந்தார். எங்கள் சமையல் மணம் தாங்க முடியவில்லை என்று கட்டடக் காவலரிடம் முறைப்பாடு செய்தார். எங்கள் வீடுகளில் எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டோம். கிழவரைக் கண்டால் பார்க்காததுபோலப் போனோம். அக்கா அப்படிச் செய்யவில்லை. நேரே போய் அவருடைய மணியை அடித்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எந்த மணம்?" என்று கேட்டார். "வெங்காயமோ? மீனோ? கறித்தூளோ?"

கிழவர் திகைத்துப் போனார். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் அவர் கதவைத் திறந்திருந்தார். கடைசியில், தொண்டையில் கை வைத்து, இருமிக் காட்டினார். மிளகாய். செத்தல் மிளகாய் வறுக்கும் மணம்.

"ஆ, மிளகாயோ! அது எங்களுக்கும் இருமும்" என்றார் அக்கா. எத்தனை மணிக்கு உலாவப் போகிறீர் என்று கேட்டார். ஏன் தனிய இருக்கிறீர் என்று கேட்டார். மனைவி செத்துப்போனாவோ, விட்டிட்டுப் போனாவோ என்றும் கேட்டார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மனைவி விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். பிறகு எங்களை உள்ளே வரச்சொல்லிக் கோப்பி போட்டுத் தந்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் மிளகாய் வறுப்பதெல்லாம் கிழவர் நாயோடு உலாவப் போகும் நேரத்தில்தான்.

எனக்கு அக்காவின் மேல் இருந்த கோபம் போனது வேறொரு நாளில்.

என் முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. கணவருக்கு அன்று தொழிற்சாலையில் விடுப்பு எடுக்க முடியவில்லை. அக்காதான் என்னோடு வைத்தியரிடம் வந்தார். பஸ்ஸில் போகும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிள்ளை, நீ உன்னிலதான் பிழை எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டார்.

அதற்கு முதல் வாரம் நிலவறையிலிருந்து ஒரு பாரமான பயணப்பெட்டியைத் தனியே தூக்கிக்கொண்டு ஏறியிருந்தேன். அதை நான் கணவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் அந்த பஸ்ஸில் சொன்னேன்.

வைத்தியர் பண்பானவர். மெல்லிய குரலில் வேகமாகக் கதைத்தார். நான் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஜா, ஜா", ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

"என்னத்துக்கு ஜா எண்டிறாய்? விளங்கினதோ?" என்றார் அக்கா.

"இல்லை."

அக்கா வைத்தியர் பக்கம் திரும்பினார். "வாரூம்?" என்றார். வைத்தியர் விளக்கினார். அக்கா மறுபடியும், "வாரூம்?" என்றார். வைத்தியர் பேனையை எடுத்து ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தன் உடைந்த ஜெர்மனில், "பெட்டி. பாரம். இவ தூக்கினவ. அதாலயோ?" என்று கேட்டார்.

வைத்தியர் அதுவரை தாளையும் கணினியையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நைன்" என்றார். இல்லை. பிறகு இன்னும் மெதுவாக, எனக்கு விளங்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உங்களால் அல்ல. பெட்டியால் அல்ல. அக்கா அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் நான் அந்தப் பெட்டியை இன்றுவரை தூக்கிக்கொண்டுதான் திரிந்திருப்பேன்.

இப்படி மற்றவர்களுக்கு உதவிய அதே கேள்விகள், அவருடைய சொந்த வீட்டில் வேறு மாதிரி விழுந்தன.

அக்காவுக்கு ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். நன்றாகப் படிப்பவள். பேர்னில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது அக்கா எங்கள் எல்லோருக்கும் கேசரி கிண்டித் தந்தார். ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் அவருடைய குசினியில் பொரிப்பதற்கு றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். வார இறுதிக்கு வந்திருந்த மகள் பக்கத்தில் நின்று பாண்தூளில் பிரட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே, கையை நிறுத்தாமல், மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பிரெஞ்சு பேசும் லோசானுக்குப் போய்க் கலை வரலாறு படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"அதைப் படிச்சு என்ன வேலை எடுப்பாய்?" என்றார் அக்கா.

"பாப்பம் அம்மா."

"ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"பெடியன் ஆரேனும் அங்க இருக்கிறானோ? எங்கட ஆளோ, வெள்ளையோ?"

"அம்மா!"

"சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

மகள் கையில் இருந்த றோலைத் தட்டில் வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. "அம்மா, நீங்கள் பதிலைக் கையில வச்சுக்கொண்டுதான் கேள்வி கேக்கிறியள். எனக்கு அதுக்குள்ள சொல்ல ஒண்டும் இல்லை" என்றாள். கையைக் கழுவினாள். அடுத்த ரயிலில் போய்விட்டாள்.

அதன் பிறகு தொலைபேசிதான். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அக்கா கேட்டுக்கொண்டு போவார். மறுமுனையில் ஓம், இல்லை, ஓம், சரி வைக்கிறன். அவ்வளவுதான். தொலைபேசியை வைத்த பிறகு அக்கா என்னைப் பார்த்து, "நான் என்னத்தைப் பிழையாக் கேட்டனான்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத் துணிவு வரவில்லை.

சில வருடங்கள் இப்படியே போயின. ஒருநாள் அக்கா கீழே இறங்கி வந்து, "பிள்ளை, வாற சனி லோசான் பாத்திட்டு வருவமோ? ஒரு நாளில போட்டு வந்திடலாம்" என்றார். அக்கா சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை. கனடாவிலிருந்து உறவினர் வந்தபோதுகூட அவர்களை மலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர். நான் காரணம் கேட்காமல் சரி என்றேன்.

பேர்னில் ரயில் மாறி ஏறினோம். லோசானுக்குக் கிட்டப் போகும்போது ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வரும். வந்தவுடன் கீழே முழு ஏரியும் திடீரென்று விரியும். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், அக்கரையில் மலைகள். நான் "ஐயோ, பாருங்கோ அக்கா!" என்று கத்திவிட்டேன். எதிரே ஒரு வயதான சுவிஸ் தம்பதி இருந்தார்கள். வேறொரு நாளென்றால் அது எந்த மலை, நீங்கள் எங்கே போகிறீர்கள், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அக்கா தொடங்கியிருப்பார். அன்று ஏரியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளைப் பாக்கவோ அக்கா போறம்?" என்று கேட்டேன்.

"லோசானைப் பாக்கப் போறம்" என்றார்.

லோசான் ஏரிக்கரையிலிருந்து மேலே மேலே ஏறும் நகரம். மெட்ரோகூடச் சரிந்துதான் நிற்கிறது. பழைய நகருக்குள் நடந்து, நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் ஒரு சிறிய சதுக்கத்துக்கு வந்தோம். காலைச் சந்தை முடிந்து கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நீரூற்று. அதன் தூணின்மேல் கண்ணைக் கட்டி, ஒரு கையில் வாளும் மற்றக் கையில் தராசுமாக, நிறம் பூசிய ஒரு பெண் சிலை. அதன் கீழ் ஜெர்மன் பேசும் ஒரு சுற்றுலாக் கூட்டம் காத்து நின்றது. அக்கா நேரே போய் அவர்களோடு நின்றார். நானும் நின்றேன்.

சற்று நேரத்தில் செம்மஞ்சள் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டி வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அக்காவின் மகள்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கதையாத. நாங்கள் ஊர் பாக்க வந்த ஆக்கள்."

பிறகுதான் எனக்குச் சொன்னார். லோசான் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர், உங்கள் மகளை நீரூற்றடியில் ஒரு கூட்டத்தோடு கண்டேன் என்று சொல்லியிருக்கிறார். அக்கா சுற்றுலா அலுவலகத்துக்குத் தானே தொலைபேசி எடுத்து, கறுத்த தமிழ்ப் பிள்ளை எந்த நாளில் ஜெர்மனில் விளக்குவாள் என்று கேட்டு அறிந்திருக்கிறார்.

மகள் வணக்கம் சொல்லித் தொடங்கினாள். நகரத்தின் பெயரைச் சொல்லும்போது எங்களைக் கண்டாள். கூட்டம் காத்திருந்தது. பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நாங்கள் அவளுக்குப் பின்னால் நடந்தோம். மரக்கூரை போட்ட பழைய படிகள் வழியாகத் தேவாலயக் குன்றுக்கு ஏறினோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தரிப்பிலும் மகள் கதை சொல்லி முடித்து, "கேள்விகள் இருக்கா?" என்று கேட்பாள். யாராவது ஒருவர் கேட்பார். அவள் அவருக்குப் பதில் சொல்வாள். ஆனால் கண் அக்காவிடம்தான் இருக்கும். அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை நிற்பதைப் போல நிற்பாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கற்களைப் பார்ப்பார். ஒரு தரிப்பிலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தேவாலயத்துக்குள் குளிராக இருந்தது. உயரத்தில் சக்கரம்போல ஒரு பெரிய வட்டச் சாளரம், முழுவதும் நிறக் கண்ணாடி. மகளின் குரல் அங்கே மாறியது. அதுவரை பாடம் ஒப்புவிப்பதுபோல இருந்த குரல், இப்போது ஆளுடையதாக இருந்தது. இது அந்தக் காலத்து மனிதர்கள் உலகத்தை எப்படி நினைத்தார்கள் என்பதன் படம் என்றாள். நடுவில் ஆண்டு, அதைச் சுற்றிப் பருவங்கள், மாதங்கள், ஆறுகள். விளிம்பில், உலகத்தின் ஓரத்தில் வாழ்வதாக அவர்கள் நம்பிய விசித்திர மனிதர்கள். அண்ணாந்து பார்த்தால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதால், பெரிதாக்கிய படங்களைக் கைக்குக் கை கொடுத்தாள். தலையில்லாமல் நெஞ்சில் முகம் வைத்தவர்கள். ஒற்றைக் காலைக் குடையாகப் பிடித்து நிழலில் படுப்பவர்கள். சாப்பிடாமல் ஒரு பழத்தை மணந்தே உயிர் வாழ்பவர்கள். இவர்கள் கங்கைக் கரையில் இருப்பதாக அந்தக் காலத்து மனிதர்கள் நம்பினார்கள்.

கேள்விகள் இருக்கா என்று கேட்டாள். ஒரு பெண் நீலக் கண்ணாடியைப் பற்றி ஏதோ கேட்டார். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மகள் அடுத்த இடத்துக்குத் திரும்பினாள். அப்போதுதான் அந்தப் பழம் மணப்பவர்களின் படம் சுற்றி வந்து அக்காவின் கைக்குச் சேர்ந்தது. அக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். தமிழில். அந்தக் கல் மண்டபம் முழுவதும் கேட்டது. "இவை எங்கட பக்கத்து ஆக்களோ?"

எல்லோரும் திரும்பினார்கள். மகளும் திரும்பினாள். அக்கா தான் கேட்டுவிட்டதை அப்போதுதான் உணர்ந்ததுபோல வாயைப் பொத்தினார்.

மகள் சிரித்தாள். "ஓம் அம்மா. எங்கட பக்கம் எண்டுதான் நினைச்சவை. ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. கேள்விப்பட்டதை வச்சுக் கீறினவை."

"பழத்தை மணந்தோ சீவிச்சம்? சமைக்கிறேல்லையாமோ?"

"சமைக்கிறேல்லையாம்."

"செத்தல் மிளகாய் வறுத்த மணம் கீறினவைக்குப் போயிருக்காது" என்றார் அக்கா.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஜெர்மனில், "மன்னியுங்கள். என் அம்மா கேட்கிறார், இவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்களா என்று" என்றாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். மகள் அந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொன்னாள். அன்று அவள் சொன்னவற்றில் அதுதான் மிக நீளமானது. பயணம் போகாதவர்கள் தூரத்து மனிதர்களை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று, கைகளை வீசி வீசிச் சொன்னாள். அக்காவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு தேவாலயத்துக்கு வெளியே, நகரக் கூரைகளும் ஏரியும் தெரிகிற மதிலோரம் மூவரும் நின்றோம். அக்கா இன்னும் அந்தப் படத்தை வைத்திருந்தார்.

"உதைப் பற்றித்தான் அம்மா நான் எழுதுறன்" என்றாள் மகள்.

"எவ்வளவு காலமா?"

"இங்க வந்த நாளில இருந்து."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அக்கா மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன். படித்து என்ன செய்வாய், ஆர் சொன்னது, சனம் என்ன சொல்லும், எப்ப முடிப்பாய். எல்லாம் கேட்டிருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டதாக எனக்கும் நினைவு வரவில்லை. அக்கா மதிலைப் பிடித்தார். காற்று அவருடைய சால்வையை இழுத்தது. மகள்தான் அதைப் பிடித்துச் சரிசெய்துவிட்டாள்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அக்கா பழையபடி கேட்டார். மகள் பழையபடி சில நேரம் தொலைபேசியைப் பட்டென்று வைத்தாள். ஒரு பெடியன் இருக்கத்தான் செய்தான். அவனை வைத்து ஒரு குளிர்காலம் முழுவதும் சண்டை நடந்தது. ஆனால் வைத்த தொலைபேசி அடுத்த நாள் திரும்ப அடித்தது. ஓய்வூதியம் எடுத்த பிறகு அக்கா வீட்டை விட்டுவிட்டு லோசானுக்கே போனார். அங்கே மெட்ரோவில் பக்கத்தில் இருக்கிறவர்களை எல்லாம் பிரெஞ்சில் ஏன் ஏன் என்று கேட்பதாகக் கேள்வி.

அந்தச் சனிக்கிழமை மகளுக்கு இன்னொரு சுற்று இருந்தது. பிரெஞ்சுக் கூட்டம். "நீங்கள் ரெண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கோ. நான் முடிச்சிட்டு வாறன், சேர்ந்து சாப்பிடுவம்" என்றாள்.

"ஏரி எங்கயும் போகாது. நான் உன்னோட வாறன்" என்றார் அக்கா.

"அது பிரெஞ்சு அம்மா. உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது."

"விளங்காட்டி என்ன? கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

எனக்குக் கால் வலித்தது. நான் மேலே மதிலடி மர வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் மறுபடியும் படிகளில் இறங்கிப் போனார்கள். நெடுநேரம் கழித்துச் செம்மஞ்சள் குடை மெல்ல ஏறி வருவது தெரிந்தது. குடைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால், அக்கா. தேவாலய வாசலில் மகள் நின்று கல்லில் செதுக்கிய உருவங்களைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, குனிந்து, அம்மாவின் காதுக்குள் அதைத் தமிழில் சொன்னாள். அது கொஞ்சம் நீண்டது. அக்கா இடையில் ஏதோ கேட்டார்போல, இன்னும் நீண்டது. அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் காற்றில் பொறுமையாகக் காத்து நின்றார்கள்.